பீர்ப் பானையில் புகுந்த சர்க்கரை

தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் இன்று ஆஸ்திரேலியாவில், அடிலெய்ட் நகரில், குடும்பத்தோடு வாழ்கின்றார். விற்பனைக்கு அன்றித் தம் சொந்தப் பயனுக்கு வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடந்தருகின்றது. அண்மையில் அவர் எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தார்.

“சார், புதிதாகக் காய்ச்சுவோருக்கென்று கடையில் விற்கும் டின் ஒன்றை வாங்கி முதன்முறையாகப் பீர் காய்ச்சினேன். அதற்கென வாங்கிய சர்க்கரையில் பாதி மிஞ்சிவிட்டது. வீட்டில் அதை வேறு டப்பாவில் கொட்டி வைத்துவிட்டார்கள். பையில் என்ன எழுதியிருந்தது என்று நினைவில்லை. அடுத்த தடவை அதையும் சேர்த்துப் போட்டுவிடலாமா? சர்க்கரை என்றால் எல்லாம் ஒன்றுதானே?”

குடிக்கும் வழக்கம் எனக்கில்லை. கள்ளுக்கடை இருந்த தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் ஆதலால் குடியின் கேட்டை நூலில் படித்து அறிய வேண்டிய தேவையும் எனக்கு நேர்ந்ததில்லை. நம் நாட்டிலோ உரிமமின்றி மது ஆக்குதல் குற்றமாகும். ஆகவே இக்கட்டுரை எவரையும் பீர் காய்ச்சத் தூண்டுவதற்காக எழுதப்படுவதன்று. ஆயினும், “எல்லாம் ஒன்றுதானே?” என்ற அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் ஆங்கில நகரம் முழுவதும் அக்கேள்வியைக் கேளாமலே இருந்தது. அதனால் பல உயிர்கள் மாண்டன. அந்த வரலாற்றை ஆசிரிய அன்பர்களும் மாணவர்களும் அறிந்திருத்தல் நலம்.

முளையின் வேலை

பீருக்கு மூலப்பொருள்கள் நான்கு: பார்லி எனும் வாற்கோதுமை, ஹாப்ஸ் எனும் கசப்புப் பூ, நீர், ஈஸ்ட். பார்லி மணியில் இருப்பது பெரும்பாலும் மாச்சத்து. மாச்சத்தை ஈஸ்ட் உண்ணாது, சர்க்கரையைத்தான் உண்ணும். ஆகவே மாவைச் சர்க்கரையாக மாற்றுவதே பீர் காய்ச்சுவோனின் முதல் வேலையாகும்.

அவ்வேலையை மணியின் முளையே செய்து தருகின்றது. பார்லியை நீரில் ஊறவைத்து முளைகட்டினால் அதனுள் நொதிகள் தோன்றுகின்றன. பின்னர் அதைக் காய வைத்து, நொறுக்கி, வெந்நீரில் ஊறவிட்டால் அந்நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். இவ்வாறு முளைகட்டிக் காயவைத்த பார்லிக்கே மால்ட் என்று பெயர். இந்நொதியை முதன்முதலில் பிரித்தெடுத்தவர்கள் பாயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர், ஆண்டு 1833. ஆனால் அதன் பயனை மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாகவே அறிந்திருந்தான்.

தமிழாசிரியர்களுக்கு இதில் வியப்பிராது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், அரிசிக் களியைத் துழாவி ஆற்றி, நெல் முளையை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு மது ஆக்கிய முறை சொல்லப்பட்டிருக்கின்றது. முளை சேர்ப்பதன் காரணம் மாவைச் சர்க்கரையாக்குவதே. மேனாட்டார் பார்லியில் கண்ட உண்மையை நம்மவர் நெல்லில் கண்டிருக்கின்றனர்.

மால்ட்டிலிருந்து வரும் சர்க்கரையும் ஒரே வகையன்று. அதில் பெரும்பகுதி மால்ட்டோஸ். அதனோடு குளுக்கோஸும் வேறு சில சர்க்கரைகளும் உண்டு. இவற்றை ஈஸ்ட் உண்டு சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். முழுவதும் உடையாத டெக்ஸ்ட்ரின் என்னும் பகுதியை ஈஸ்ட் தொடாது. அது பீரிலேயே தங்கி, வாயில் ஒரு கனத்தைத் தருகின்றது. இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். இறுதியில் நமக்குப் பயன்படும்.

வரி திறந்த கதவு

பீரில் வெளியிலிருந்து சர்க்கரை சேர்க்கலாமா, கூடாதா என்பது நெடுங்காலமாக அரசுகளின் வழக்காகவே இருந்து வந்துள்ளது. 1516-ம் ஆண்டு பவேரிய நாட்டுச் சட்டம், பார்லியும் ஹாப்ஸும் நீரும் தவிர வேறெதுவும் பீரில் சேரலாகாது என்று விதித்தது. ஈஸ்டின் இயல்பு அக்காலத்தில் விளங்கவில்லை ஆதலால் அதன் பெயர் அச்சட்டத்தில் இல்லை.

இங்கிலாந்தின் கதை வேறு. அங்கே 1697-ம் ஆண்டு மால்ட் மீது வரி விதிக்கப்பட்டது. போர்க்காலங்களில் அவ்வரி ஏறிக்கொண்டே போயிற்று. மால்ட்டுக்குப் பதிலாக வேறொன்றைச் சேர்த்தால் அரசின் வருவாய் குறையும். ஆகவே 1816-ம் ஆண்டுச் சட்டம், பீர் ஆலைகளில் மால்ட்டும் ஹாப்ஸும் அன்றி வேறு பொருள் இருத்தலே குற்றம் என்றது. குடிப்போரின் உடல்நலம் மட்டுமே அச்சட்டத்தின் நோக்கம் என்று எண்ணுதல் பொருந்தாது; கஜானாவின் நலமும் அதில் அடங்கியிருந்தது.

1847-ம் ஆண்டு அக்கதவு சர்க்கரைக்குத் திறந்தது. அதற்குக் காரணங்கள் இரண்டு. அயர்லாந்தில் உருளைக்கிழங்கு நோயால் பஞ்சம் தலைவிரித்தாடிய காலம் அது. தானியத்தை உணவுக்கென மிச்சப்படுத்த வேண்டியிருந்தது. மற்றொன்று, மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்ட முதலாளிகளின் முறையீடு. அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்னர் அவர்கள் கூலி கொடுத்து வேலை வாங்க வேண்டியிருந்தது. 1846-ம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டுச் சர்க்கரைக்கும் பிரிட்டிஷ் குடியேற்ற நாட்டுச் சர்க்கரைக்கும் இடையே இருந்த தீர்வை வேறுபாட்டைப் படிப்படியாக நீக்கத் தொடங்கியதும், எங்கள் சர்க்கரைக்குப் புதிய சந்தை தாருங்கள் என்று அவர்கள் கேட்டனர். பீர் ஆலை அச்சந்தைகளுள் ஒன்றாயிற்று.

இவ்விடத்தில் நம் மக்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய அக்காலத்திலேதான் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தனர். பினாங்குக்கு எதிர்க்கரையில், அந்நாளில் வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்ட செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் அவர்கள் உழைத்தனர். மொரீசியஸிலும் உழைத்தனர். 1860-ம் ஆண்டு நவம்பர் 16-ம் நாள் சென்னையிலிருந்து ட்ரூரோ என்னும் கப்பல் நெட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. அதில் சென்றோரும் கரும்புக் காட்டுக்கே சென்றனர். மலாயாவுக்கு ரப்பர் வந்தது பின்னர்தான். சர்க்கரையின் வரலாற்றை நாம் அயலார் வரலாறாகப் படிக்க முடியாது.

சர்க்கரை மீதிருந்த இறக்குமதித் தீர்வை 1874-ம் ஆண்டு முற்றிலும் நீக்கப்பட்டது. 1880-ம் ஆண்டு கிளாட்ஸ்டன் மால்ட் வரியையே எடுத்துவிட்டு, காய்ச்சிய நீரின் அடர்த்தியை அளந்து அதற்கேற்ப வரி வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். எதிலிருந்து வந்த இனிப்பு என்பதைப் பற்றி வரித்துறைக்கு இனிக் கவலையில்லை. எனவே பீர் ஆலைகள் மலிவாகக் கிடைத்த சர்க்கரையை நாடின.

அமிலத்தில் பிறந்த சர்க்கரை

அந்த மலிவான சர்க்கரை எல்லாம் கரும்பிலிருந்து வந்ததன்று. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கிர்க்காஃப் என்னும் வேதியியலார், மாச்சத்தைக் கந்தக அமிலம் கலந்த நீரில் கொதிக்க வைத்தால் அது சர்க்கரையாகிவிடும் என்று 1811-ம் ஆண்டு கண்டுபிடித்தார். முளையின் நொதி செய்த வேலையை அமிலம் செய்தது. மலிவான மாச்சத்திலிருந்து குளுக்கோஸ் ஆக்கும் ஆலைகள் தோன்றின. கரும்புச் சர்க்கரையையும் அமிலத்தால் உடைத்து, குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்த ஒரு பாகாக்கிப் பீர் ஆலைகளுக்கு விற்றனர். வேலை முடிந்ததும் அமிலத்தைச் சுண்ணாம்பினால் முறித்து, படிவை வடித்துவிடுவார்கள். அமிலம் போய்விடும்; சர்க்கரை நிற்கும். முறை சரியானதே. ஆனால் அமிலத்தோடு வேறொன்று வந்தால் அது எங்கே போகும்?

மான்செஸ்டரில் நேர்ந்தது

1900-ம் ஆண்டின் பிற்பகுதியில் மான்செஸ்டர், சால்ஃபோர்டு முதலிய நகரங்களில் ஒரு விந்தையான நோய் பரவிற்று. ஏழைத் தொழிலாளர்கள் கைகால் மரத்து, உள்ளங்கால் எரிந்து, நடக்க இயலாமல் மருத்துவமனைகளுக்கு வந்தனர். பலருடைய தோல் கறுத்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்தன. மருத்துவர்கள் பலர் இதைக் குடியினால் வரும் நரம்பு நோய் என்று முடிவு கட்டினர். அளவுக்கு மீறிக் குடித்தான், படுகின்றான் என்ற எண்ணம் ஆராய்ச்சிக்குக் குறுக்கே நின்றது. நோயாளி ஏழையாகவும் குடிப்பவனாகவும் இருந்துவிட்டால் அவன் சொல்லை யார் கேட்பார்?

கேட்டவர் ஒருவர் இருந்தார். மான்செஸ்டர் ஏழையர் விடுதி மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் எர்னஸ்ட் ரெய்னால்ட்ஸ் என்பவர், நோயாளிகள் என்ன குடித்தார்கள் என்று கேட்டார். விஸ்கி போன்ற கடுமையான மதுவைக் குடிப்போருக்கு இந்நோய் வரவில்லை. மலிவான பீர் குடிப்போருக்கே வந்தது. கடுமையான மதுவில்தான் சாராயச் சத்து மிகுதி. சாராயமே காரணமானால் அவர்களல்லவா முதலில் விழவேண்டும்? மேலும், அக்கி என்று நாம் கூறும் தோல்நோயும் அவ்வாண்டில் மிகுதியாகக் காணப்பட்டது. ஆர்சனிக் என்னும் நஞ்சை மருந்தாக உட்கொள்வோருக்கு அக்கி வருவதுண்டு என்பதை அவர் அறிந்திருந்தார். இரண்டையும் சேர்த்து எண்ணினார். நோயாளிகள் குடித்த பீரை வாங்கிச் சோதித்தார். ஆர்சனிக் இருந்தது. அது 1900 நவம்பர்.

அதன்பின் தடம் தெளிவாயிற்று. நஞ்சிருந்த பீரைக் காய்ச்சிய ஆலைகள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து சர்க்கரை வாங்கியிருந்தன. அது லிவர்ப்பூலை அடுத்த கார்ஸ்டனில் இருந்த பாஸ்டாக் நிறுவனம். பாஸ்டாக் தன் கந்தக அமிலத்தை லீட்ஸ் நகர நிக்கல்சன் நிறுவனத்திடம் வாங்கியது. கந்தக அமிலம் பைரைட்ஸ் என்னும் தாதுக்கல்லை எரித்து ஆக்கப்பட்டது. அக்கல்லில் இயற்கையாகவே ஆர்சனிக் கலந்திருக்கும். நஞ்சு நீக்கிய அமிலமும் உண்டு, நீக்காததும் உண்டு. முன்பு நீக்கியதே வந்துகொண்டிருந்தது. 1900-ம் ஆண்டு முதற்பகுதியிலிருந்து நீக்காதது வரத் தொடங்கியது. உணவுப்பொருளுக்கு அது பயன்படுகின்றது என்பது விற்றவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. வந்ததைச் சோதிக்க வேண்டும் என்று வாங்கியவர் எண்ணவில்லை. சர்க்கரையை வாங்கிய பீர் ஆலைகளும் சர்க்கரைதானே என்று கொட்டினர். தாதுக்கல்லிலிருந்து தொழிலாளியின் குவளைவரை அந்நஞ்சு தடையின்றி நடந்து வந்தது.

ஏறத்தாழ 6,000 பேர் பாதிக்கப்பட்டனர். 70 பேருக்கு மேல் மாண்டனர். ஆயிரக்கணக்கான பீப்பாய் பீர் சாக்கடையில் கொட்டப்பட்டது. 1901-ம் ஆண்டு புகழ்பெற்ற அறிவியலறிஞர் கெல்வின் பிரபுவின் தலைமையில் அரசு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் இறுதி அறிக்கை 1903-ல் வெளிவந்தது. ஒரு காலன் பானத்தில் ஆர்சனிக் ஒரு குன்றிமணிக்கும் குறைவான ‘கிரெயின்’ என்னும் நிறையில் நூற்றில் ஒரு பங்கை எட்டலாகாது என்று அக்குழு வரம்பு காட்டியது.

அக்குழு கண்ட மற்றோர் உண்மையும் கருதத்தக்கது. சர்க்கரை சேர்க்காத தூய மால்ட் பீரே வேண்டும் என்று அதற்கு முன்பே நாடாளுமன்றத்தில் குரல் எழுப்பியோர் உண்டு. நஞ்சுச் செய்தி வந்ததும் அக்குரல் ஓங்கியது. ஆனால் ஆராய்ந்தபோது மால்ட்டிலும் சில இடங்களில் ஆர்சனிக் இருந்தது. மால்ட்டைக் காயவைக்க எரித்த நிலக்கரியிலும் கோக்கிலும் இருந்து அது புகையோடு வந்து படிந்திருந்தது. ஆகவே மால்ட் என்ற பெயர் தூய்மைக்குச் சான்றன்று. சர்க்கரை என்ற பெயர் குற்றத்திற்குச் சான்றன்று. எங்கிருந்து வந்தது, எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

வீட்டுக்குத் திரும்பிய பீர்

ஆலைகளுக்கு விடுதலை தந்த அதே 1880-ம் ஆண்டுச் சட்டம் வீட்டில் பீர் காய்ச்சுவோரை உரிமம் பெறக் கட்டாயப்படுத்தியது. 83 ஆண்டுகளுக்குப் பின்னர், 1963-ம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ரெஜினால்டு மாட்லிங் அவ்வுரிமத்தை நீக்கினார். விற்கக் கூடாது என்ற விதி மட்டும் நின்றது.

மால்ட்டைப் பாகாகக் காய்ச்சி டின்னில் அடைக்கும் முறை அமெரிக்காவில் மதுவிலக்கு நிலவிய 1920 முதல் 1933 வரை மிகுதியாகப் பரவியது. ரொட்டிக்கும் பலகாரத்திற்கும் என்று சொல்லி, ஹாப்ஸ் சுவை சேர்த்த மால்ட் பாகைப் பீர் நிறுவனங்களே விற்றன. வாங்கியவர் அதனைக் கொண்டு ரொட்டி சுட்டாரா என்று எவரும் கேட்கவில்லை. மதுவிலக்கு நீங்கிய பின்னும் வீட்டுப் பீர் அங்குக் குற்றமாகவே இருந்தது. 1978-ம் ஆண்டு அக்டோபரில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதற்கு இடந்தந்தது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் 1970-களில் இந்த டின்கள் கடைத்தெருச் சரக்காயின.

இன்று ஆஸ்திரேலியாவில் வழக்கமாக விற்கும் டின் 1.7 கிலோ நிறையுள்ளது. அதனோடு 1 கிலோ சர்க்கரையும் நீரும் சேர்த்து 23 லிட்டர் ஆக்கி, ஈஸ்டைத் தூவி மூடிவைப்பர். அந்த 1 கிலோவில்தான் என் மாணவரின் சிக்கல் இருக்கின்றது.

மிஞ்சிய சர்க்கரை

பீர் காய்ச்சுவோருக்கென்று வெள்ளைத் தூளாக விற்கப்படுவன பல. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நடத்தையில் வேறு வேறு.

டெக்ஸ்ட்ரோஸ் என்பது குளுக்கோஸேயாகும். ஈஸ்ட் அதை மிச்சமின்றி உண்டுவிடும். சாராயம் கூடும், பானம் நீர்த்துப்போகும். நாம் தேநீரில் இடும் சீனியும் அவ்வாறே. ஈஸ்ட் தன் நொதியால் அதை முதலில் இரண்டாக உடைத்துக்கொண்டு பின் உண்ணும். காய்ந்த மால்ட் தூளில் பெரும்பகுதியை ஈஸ்ட் உண்ணும்; எஞ்சிய பகுதி பானத்திற்குக் கனமும் சுவையும் தரும். மால்ட்டோ டெக்ஸ்ட்ரினில் பெரும்பகுதியை ஈஸ்ட் தொடாது; அதைக் கனத்திற்காகவே சேர்ப்பர். பாலிலிருந்து பெறும் லாக்டோஸை பீர் ஈஸ்ட் உண்ணவே உண்ணாது. முழுவதும் இனிப்பாகவே நிற்கும். பால் ஸ்டவுட் என்று இங்கிலாந்தில் பெயர் பெற்ற கறுப்புப் பீர் வகை அதனால்தான் இனித்தது.

ஆகவே மிஞ்சிய அரைக் கிலோ டெக்ஸ்ட்ரோஸாயின், அதை அடுத்த முறை சேர்க்கும்போது அதற்குச் சரியான அளவு வேறு சர்க்கரையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். குறைக்காமல் கூட்டினால் 23 லிட்டருக்குச் சாராயச் சத்து ஏறத்தாழ ஒன்றேகால் விழுக்காடு ஏறிவிடும், பானமும் மெலிந்துவிடும். அது லாக்டோஸாயின் சாராயம் ஏறாது, இனிப்புத்தான் ஏறும். ஒரே நிறை, ஒரே வெண்மை. ஆனால் விளைவு நேர்மாறு.

இதைவிடக் கொடியது ஒன்று உண்டு. புட்டியில் அடைக்கும்போது நுரை வருவதற்காகச் சிறிது சர்க்கரை இடுவது வழக்கம்; லிட்டருக்கு ஏறத்தாழ 8 கிராம். 23 லிட்டருக்கு 180 கிராம் அளவே ஆகும். மிஞ்சியதை வீணாக்குவானேன் என்று அரைக் கிலோவையும் அங்கே இட்டால், மூடிய புட்டிக்குள் வாயு மும்மடங்காகப் பெருகும். கண்ணாடி தாங்காது. அலமாரியில் வெடிக்கும் புட்டி அருகில் நிற்கும் குழந்தையின் கண்ணைப் பறிக்கும். சிக்கனம் அங்கே செலவாக முடியும்.

இன்று குளுக்கோஸ் ஆலைகளில் அமிலத்தின் இடத்தைப் பெரும்பாலும் நொதிகள் பிடித்துக்கொண்டன. 1960-களில் அம்மாற்றம் பரவியது. மான்செஸ்டர் நஞ்சு மாணவரின் டப்பாவில் இருக்கும் என்று நான் அஞ்சவில்லை. ஆனால் மான்செஸ்டர் பாடம் அதிலும் இருக்கின்றது.

ஆசிரியப் பயிற்சியின்போது, எங்கள் அறிவியல் விரிவுரையாளர் ஆய்வறை அலமாரியைத் திறந்து, பெயர்ச்சீட்டு உதிர்ந்த புட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளைத் தூள் இருந்தது. “இது என்ன?” என்று கேட்டார். உப்பு என்றார் ஒருவர். சோடா என்றார் மற்றொருவர். “இது குப்பை” என்றார் அவர். பெயர் தெரியாத பொருள் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் குப்பையே என்பது அவர் விதி. என் பள்ளியில் இன்றும் அவ்விதி நடைமுறையில் உள்ளது.

நம் நாட்டுக்கும் அது பொருந்தும். 2018-ம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் என்னும் நஞ்சு கலந்த மலிவான மதுவைக் குடித்துப் பலர் மாண்டனர். பெயர்ச்சீட்டை நம்ப முடியாத புட்டியில் இருப்பது என்னவென்று குடித்தவர் அறியார். 1900-ல் மான்செஸ்டர் தொழிலாளி எந்நிலையில் இருந்தாரோ அந்நிலையிலேயே 118 ஆண்டுகளுக்குப் பின்னும் ஏழை இருந்தார். மலிவு தேடுவோன் மீதே நஞ்சும் முதலில் வந்து விழுகின்றது.

என் மாணவருக்கு நான் எழுதிய பதில் சிறியது: “தம்பி, சர்க்கரை எல்லாம் ஒன்றன்று. பையின் பெயர் நினைவிருந்தால் கணக்குப் போட்டு, புட்டியில் அன்று, முதற்பானையில் சேர். பெயர் தெரியாவிட்டால் கொட்டிவிடு. அரைக் கிலோ சர்க்கரை பெரிதன்று. இனிமேல் டப்பாவை மாற்றினால் பெயரையும் நாளையும் எழுதி ஒட்டிவை. குடிப்பதையும் குறைத்துக்கொள்.”

கடைசி வரியைத் தவிர மற்றவற்றைக் கடைப்பிடிப்பதாக அவர் பதில் எழுதியிருக்கின்றார்.